ஊசி போடாம மஞ்ச கார்டு மட்டும் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் திருச்செங்கோட்டுல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்கறேன், பாஸ்போர்ட் அப்ளிகேஷன் போடறது, டிக்கெட் பிரிண்ட் எடுக்கறது எல்லாம் எங்க கடையில தான். எங்க ஊர பத்தி உங்களுக்கே தெரியும், ரிக் வண்டி ஊரு. போர்வெல் போட வடக்க போயிட்டு இருந்த பசங்க இப்ப ஆப்பிரிக்கா வரைக்கும் போறாங்க. என் தம்பிக்கும் கானாவுல வேலை கெடச்சுது, அவனுக்கு நடந்தத சொன்னா நாலு பேரு உஷாரா இருப்பாங்கன்னு தான் எழுதறேன்.

விசா வந்த கையோட ஆறு நாள்ல ஃபிளைட்டுன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு. கானாவுக்குள்ள போகணும்னா மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு கட்டாயம், அத கேட்டதுக்கு "நான் பாத்துக்கறேன் தம்பி, 3000 ரூபா குடு, ஊசிக்குன்னு மெட்ராஸ் போயி அலைய வேண்டாம்"னு சொல்லி ரெண்டே நாள்ல கார்ட கொண்டாந்து கையில குடுத்துட்டாரு. தம்பி அதையும் பாஸ்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுக்க என்கிட்ட குடுத்தான். கண்ணாடி மேல ரெண்டையும் பக்கத்துல வெச்சப்ப தான் பாக்கறேன், பாஸ்போர்ட் நம்பர்ல கடைசி ரெண்டு நம்பர் இடம் மாறி இருக்கு. ஊசி போட்ட தேதின்னு எழுதியிருக்கற அன்னிக்கு இவன் சத்தீஸ்கர்ல ரிக் வண்டியில இருந்தான், காய்ச்சல்னு எனக்கு போன் பண்ணி பொலம்புனது கூட ஞாபகம் இருக்கு. எனக்கு கை காலே ஓடல.

வீட்டுல சொன்னா யாருக்கும் அது பெருசா படல. அப்பா "மஞ்சக்காமாலை தான, கீழாநெல்லி அரைச்சு குடிச்சா போகுது"ங்கறாரு, பக்கத்து வீட்டு அக்கா "காமாலை ஊசி தான் அவன் சின்னதுலயே போட்டாச்சே"ங்கறாங்க. அது ஹெபடைட்டிஸ் பி ஊசிங்க, இது வேற நோயி, கொசு கடிச்சு வர்ற வைரஸ். கடிச்ச மூணுல இருந்து ஆறு நாளுக்குள்ள காய்ச்சல், முதுகு வலி, வாந்தின்னு ஆரம்பிக்கும், நெறைய பேருக்கு அதோட சரியாயிடும், ஆனா நூத்துல பதினஞ்சு பேருக்கு மறுபடியும் திரும்பி வந்து ஈரல் கெட்டு, உடம்பு மஞ்சளாகி, வாயி மூக்குல ரத்தம் வரும், அப்படி ஆனவங்கள்ல பாதி பேரு பத்து நாள் தாண்டறதில்ல. அந்த வைரஸ கொல்ல மருந்து கெடையாது. ஊசி ஒண்ணு தான் காப்பு, அத போடாம வெறும் காகிதத்த பாக்கெட்ல வெச்சுகிட்டு காட்டுக்குள்ள போர் போடப் போனா கொசு கார்ட பாத்துட்டா கடிக்கும்?

டிக்கெட்ட தள்ளிப் போட்டோம், காசு போச்சு, போகட்டும். நாங்க விசாரிச்சப்ப தமிழ்நாட்டுல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், சென்னை துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடி துறைமுகத்துல இருக்கறது, இந்த மூணு எடம் தான் சொன்னாங்க. ஈரோட்டுல ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடியறதுக்கு முன்னாடியே எறங்கி கிண்டில போயி வரிசையில நின்னோம். முட்ட அலர்ஜி இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டு எழுதிகிட்டாங்க, ஏன்னா இந்த மருந்த கோழி முட்டையில வளர்த்து தான் எடுக்கறாங்களாம். சின்ன குப்பியில வெள்ளப் பொடி, அதுல தண்ணிய விட்டு கலக்கறாங்க, ஒரு குப்பி பல பேருக்கு, கலக்குனா ஆறு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், மிச்சத்த கொட்டிடணும். அதனால தான் நெனச்ச நேரத்துக்கு நெனச்ச எடத்துல போட முடியறதில்லைன்னு அப்ப தான் புரிஞ்சுது. போட்டு அர மணி நேரம் உக்கார வெச்சு, தம்பி பாஸ்போர்ட்ட பாத்து ஒவ்வொரு நம்பரா கார்டுல எழுதி சீல் வெச்சு குடுத்தாங்க. அந்த நம்பர நானும் ரெண்டு தடவ படிச்சு பாத்துகிட்டேன்.

முக்கியமா ஒண்ணு, ஊசி போட்ட பத்து நாள் கழிச்சு தான் அந்த கார்டு செல்லும். ஆறு நாள்ல ஃபிளைட்டுன்னு ஒரு ஏஜென்ட் சொன்னா அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? ரிக் வண்டியில போன பழைய ஆளுங்க இன்னமும் பத்து வருஷத்துக்கு ஒருக்கா போடணும்னு சொல்றாங்க, 2016 ஜூலை 11ல இருந்து அது மாறிடுச்சு, ஒருக்கா போட்டா ஆயுசுக்கும் செல்லும், அதுக்கு முன்னாடி போட்டவங்க கார்டும் தான். அத தொலைக்காம வெச்சிருந்தா போதும். ஒம்பது மாசத்துக்கு கொறஞ்ச கொழந்தைங்க, கர்ப்பமா இருக்கறவங்க, கேன்சர் மாதிரி வைத்தியம் எடுத்துக்கறவங்க, 60 தாண்டுனவங்க எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம போடக்கூடாதுங்க.

இது போறவங்க பிரச்சன மட்டும் இல்ல. இந்த காய்ச்சல் இருக்கற நாட்டுல இருந்து செல்லுபடியாகற கார்டு இல்லாம வந்தா நம்ம ஏர்போர்ட்டுல ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சிருவாங்க. சில பேரு அதுக்கு கோவப்படறாங்க, எனக்கு அது ரொம்ப நியாயமா படுது. நம்ம நாட்டுல இந்த நோயி கெடையாது, ஆனா இத பரப்பற ஏடிஸ் கொசு இருக்கு, டெங்கு பரப்பறதும் அதே கொசு தான். எங்க வீதியில வீட்டுக்கு மூணு டிரம்முல தண்ணி புடிச்சு வெச்சிருக்கோம், மூடாத டிரம்முல புழு நெளியறத நானே பாத்திருக்கேன். 2016ல அங்கோலாவுல இந்த காய்ச்சல் பெருசா பரவுனப்ப அங்க வேலைக்கு போயிருந்த சீனாக்காரங்க 11 பேரு நோயோட ஊருக்கு திரும்புனாங்க, ஆசியாவுக்குள்ள இது வந்தது அது தான் மொத தடவ. அங்க பரவாம போச்சு. பொய் கார்டோட ஒருத்தன் நம்ம ஊருக்கு வந்து எறங்குனா?

தம்பி இப்ப கானாவுல நல்லா இருக்கான். அக்ராவுல எறங்குனதும் மொதல்ல அந்த மஞ்ச கார்ட தான் வாங்கி பாத்தாங்களாம்.

ஆசிரியர்கிட்ட நான் கேக்கறது, இந்த ஊசி எங்கெங்க, எந்தெந்த கிழமை போடறாங்க, எவ்வளவு கட்டணம்னு விசாரிச்சு உங்க பேப்பர்ல பெருசா போடுங்க, நான் அத வெட்டி எங்க கடை கண்ணாடியில ஒட்டி வெக்கறேன். சுகாதாரத்துறை அதிகாரிங்க இத படிச்சா, சேலம், கோயம்புத்தூர் பக்கம் வாரத்துக்கு ஒரு நாளாவது இந்த ஊசி போட ஏற்பாடு பண்ணுங்க. ராத்திரி ட்ரெயின், ஒரு நாள் கூலின்னு கணக்கு பாக்கற பசங்க தான் 3000 ரூபாய ஏஜென்ட் கையில குடுக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்செங்கோடு.