எடையைக் கேளுங்கள்: சிற்பக் கண்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சிற்பக் கண்காட்சி நடத்துபவர்களுக்கும் காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு சிற்பியின் வணக்கம்.

உங்கள் விண்ணப்பங்களில் உயரம், அகலம், செய்த ஆண்டு எல்லாம் கேட்கிறீர்கள். எடையைக் கேட்பவர்கள் குறைவு. லாரி வந்து நின்ற பிறகுதான் "எவ்வளவு கனம் இருக்கும்?" என்ற பேச்சே எழுகிறது. ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். அந்த ஊகத்தை நம்பித் தொழிலாளிகள் அடியில் கை கொடுப்பதைப் பார்க்கவே பதறுகிறது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. ஒரு கன மீட்டர் கருங்கல்லோ பளிங்கோ சுமார் 2,700 கிலோ. மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதுதான். ஆகவே 70 கிலோ ஆளை அதே அளவில் கல்லில் வடித்தால் உருவம் மட்டுமே ஏறக்குறைய 190 கிலோ; பீடம் தனி. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகி ஒன்றரை டன்னைத் தொடும். வெண்கலச் சிலை பெரும்பாலும் உள்ளே வெற்றிடமாக இருக்கும். அங்கே சிலையின் வெண்கலச் சுவரின் தடிமனைக் கேளுங்கள். 5 மி.மீ. தடிமன் என்றால் மேற்பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 44 கிலோ.

சரி, எடை தெரிந்துவிட்டது. எங்கே பிடித்துத் தூக்குவது? கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ விரிசல் விட்டுவிடும். கை, கழுத்து, கணுக்கால் பக்கம் தூக்கும் பெல்ட் போகவே கூடாது. ஒரு பக்கம் சாய்ந்த உருவத்துக்கு ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் சமன்படும் புள்ளி, நடுவில் இருக்காது என்பதால் கிரேன் கொக்கியும் அதற்கு நேர்மேலே நகர வேண்டும். பெல்ட்டின் சாய்வை யாருமே கவனிப்பதில்லை. இரண்டு பெல்ட்டுகள் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் எடையின் 58 சதவீதம் விழும். 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொன்றும் முழு எடையைச் சுமக்கிறது! ஒரு டன் சிலைக்கு அரை டன் தாங்கும் பெல்ட் இரண்டு போதும் என்பது ஆபத்தான கணக்கு.

1504-இல் ஃபுளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் 5 மீட்டர் உயர தாவீது சிலையை மரச் சட்டத்துக்குள் தொங்கவிட்டு, மசகு தடவிய மரக்கட்டைகள்மேல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நகர்த்தினார்கள். நகருக்குள்ளேயே இருந்த அந்தச் சிறு தூரத்துக்கு நான்கு நாள் ஆனது. நீங்களோ திறப்பு விழாவுக்கு முந்தைய இரவை ஒதுக்குகிறீர்கள்.

அடுத்த விண்ணப்பத்தில் எடை, ஈர்ப்பு மையம், தூக்கும் இடம் மூன்றுக்கும் கட்டம் போடுங்கள். உங்கள் கூடத்தின் தரை எவ்வளவு எடை தாங்கும் என்பதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டு யார் அனுப்பினாலும், அது நானாகவே இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.