அம்மம்மாவின் கல்வெட்டு: ஸ்காபரோவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மம்மாவின் எட்டுச் செலவு, அந்த எட்டாம் நாள் காரியம், முடிந்து நீங்கள் களைத்துப்போயிருப்பீர்கள். அவவின் நினைவுப் புத்தகமான கல்வெட்டின் வேலையை நீ பொறுப்பெடுத்ததாகச் சின்னம்மா சொன்னா. அதைக் கொடுக்கிற 31ஆம் நாள் காரியத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்காபரோவில் 31 என்றால் கோவில் மண்டபமோ விருந்து மண்டபமோ பிடிப்பார்கள். நாள் எதுவானாலும் பக்கத்துச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள், வேலையிடத்தில் லீவு கிடைக்காது. சாப்பாட்டோடு ஒரு எவர்சில்வர் கிண்ணமும் கல்வெட்டும் கையில் தருவார்கள். கிண்ணம் குசினிக்குப் போய்விடும், கல்வெட்டு காரின் பின் சீட்டில் கிடக்கும். சனத்தைக் குறை சொல்லமுடியாது. முன்னுக்குப் படம், பிறகு பஞ்சபுராணம் என்கிற ஐந்து திருமுறைப் பாட்டு, பிறகு எந்த ரீச்சருக்கும் பொருந்துகிற நாலு பக்கப் புகழ்ச்சி, கடைசியில் வம்சாவளி. பெயரை மாற்றினால் இன்னொருவருடைய கல்வெட்டு. ரீச்சராக இருந்த அம்மம்மாவுக்கு அப்படி ஒன்று வேண்டாம். பஞ்சபுராணம் இருக்கட்டும். தேவாரத்துக்கு எங்கள் திருகோணமலையைச் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தையே போடு, மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. புகழ்ச்சியைக் குறைத்து, அவ செய்த வேலையை எழுது.

முதலில் வருஷங்களைச் சரிபார். அம்மம்மா எதையும் வருஷம் சொல்லிச் சொன்னதில்லை, சம்பவம் சொல்லித்தான் சொல்லுவா. ‘ஜப்பான்காரன் குண்டு போட்ட முறை’ என்றால் 1942 ஏப்ரல் 9, சீனக்குடா எண்ணெய்த் தாங்கி எரிந்த நாள். ‘வெள்ளைக்கார நேவி போன வருஷம்’ 1957. ‘பள்ளிக்கூடத்தைக் கவுண்மேந்து எடுத்தது’, அதாவது அரசாங்கம் பொறுப்பேற்றது, 1960 டிசம்பர். ‘புயல்’ என்று அவ சொன்னது 1964 டிசம்பர். மட்டக்களப்பை அடித்த 1978 புயலோடு அதைக் குழப்பாதே, மாமா எழுதி அனுப்பிய குறிப்பில் அந்தப் பிழை இருக்கிறது. முதல் நியமனத் திகதி அவவின் ஓய்வூதியக் கடிதத்தில் இருக்கும். படிப்பித்த காலத்தைப் பழைய பள்ளிக்கூடங்களின் சம்பவத் திரட்டில், அதுதான் அன்றாடம் நடந்ததைப் பதிகிற கொப்பியில், பார்க்கலாம். கலியாணத்துக்கு முந்திய பக்கங்களில் தகப்பனின் முதலெழுத்தோடும், பிறகு அம்மப்பாவின் பெயரோடும் பதிந்திருப்பார்கள். ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதிச் சேவைக்காலம் காணாமல் போகும்.

இறந்த திதியைப் பாட்டாகச் சொல்லுகிற திதி வெண்பாவை எழுதுபவருக்குத் தமிழ் வருஷம், மாதம், பட்சம், திதி நாலும் கொடுக்கவேண்டும். எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் சொல்லு. வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடிகிற நேரம் சில வேளை மணிக்கணக்கில் வித்தியாசப்படும், அம்மம்மா போனதோ திதி மாறுகிற நேரத்துக்குக் கிட்ட. குருக்கள் எதைப் பார்த்தாரோ அதையே எல்லாரும் பிடிக்கட்டும். திதி கணிப்பது உயிர் பிரிந்த இடத்து நேரத்துக்கு, அதாவது திருகோணமலை நேரத்துக்கு. ரொறன்ரோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் மாரியில் பத்தரையும் பின்னுக்கு நிற்பதால், வருஷத் திவசம் எங்களுக்குச் சில வருஷம் ஒரு நாள் முந்தி வரும். அதை இங்கத்தைய பஞ்சாங்கத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தமிழ் வருஷப் பெயரோடு ஆங்கில வருஷத்தையும் கட்டாயம் போடு. அறுபது வருஷத்தில் அதே பெயர் திரும்பி வரும், தொண்ணூறு தாண்டினவவுக்கு அது பெரிய குழப்பம்.

இனித்தான் முக்கியமான பகுதி. எழுத்துப் படிப்பிக்கிற அவவின் முறையை இரண்டு பக்கத்துக்கு விளக்கமாக எழுது. இங்கே பள்ளிச் சபைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளுக்கு எங்கள் பிள்ளைகள் போகிறார்கள். முதல் நாளே ‘அ’. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, கீழிறங்கும் கோடு எல்லாம் ஒரே எழுத்தில், ஐந்து வயதுக் கைக்கு அது மலை. அம்மம்மா விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது மட்டும் அரிசியில் ‘அ’ எழுதுவிப்பா. அடுத்த நாள் கொப்பியில் ‘ட’ தான். மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. அதைக் கையெடுக்காமல் மேலே ஏற்றினால் ‘ப’. ‘ப’ பிடிபட்ட பிறகு ‘ம’, ‘ய’, ‘ய’வுக்கு வால் வைத்து ‘ழ’. சுழி எழுத்துகள் கடைசியில். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று; பிள்ளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுதவேண்டும், இல்லாவிட்டால் நாலாவது சுழியும் வந்துவிடும். ‘பழம்’ என்பதை எங்கள் ஆட்கள் ‘பளம்’ என்றுதான் சொல்லுவோம், அதனால் பிள்ளையும் அப்படியே எழுதும். அம்மம்மா அதற்கு அடித்ததில்லை. சொல்வதெழுதலில் தினம் பத்துச் சொல், அதில் மூன்று ‘ழ’கரச் சொல், பிழைத்த சொல்லை மட்டும் அடுத்த நாளும் சேர்ப்பா. இரட்டை றூள் கொப்பி ஒன்று அவவின் றங்குப் பெட்டியில் இருக்கும், ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போடு.

பின்னட்டையின் உட்பக்கத்தில் அவவின் கறித்தூள் அளவு. சிரிக்காதே, இங்கே ஆட்கள் கிழிக்காமல் வைத்திருக்கப்போகிற பக்கம் அதுதான். செத்தல் மிளகாய் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, பெருஞ்சீரகம் 100 கிராம், மிளகு 50, நற்சீரகம் 50, வெந்தயம் 25, இரண்டு துண்டு மஞ்சள், ஒரு பிடி கறிவேப்பிலை. ஒவ்வொன்றாக, மெல்லிய நெருப்பில். வெந்தயம் பொன்னிறத்தில் இறங்கவேண்டும், கறுத்தால் முழுத்தூளும் கசக்கும். இங்கே மிளகாய் வறுத்தால் புகை அலாரம் கத்தும் என்று எல்லாரும் கராஜில் அடுப்பு வைத்து வறுக்கிறார்கள், மாரியில் கதவைப் பாதி திறந்துகொண்டு.

படங்கள். சுனாமித் தண்ணீர் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப்போன கலியாணப் படத்தைப் பிரிக்காதே. பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கானரில் கவிழ்த்து வை. முகப்புக்கு அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்தான் இருக்கிறது. அதை ஏ5 பக்கம் முழுக்கப் பெரிதாக்கினால் நாலு மடங்குக்குச் சற்று மேல், அதனால் 1200 டிபிஐயில் எடு, அச்சில் 300க்குக் கிட்ட மிஞ்சும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பு.

அச்சகத்தில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தால் எங்களுக்கு வருகிற கோப்பில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோடில் அடிக்கச் சொல்லு, அல்லது எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் தா. பக்கங்கள் நாலின் மடங்காக வரட்டும், 36 அல்லது 40. ஒரு பக்கம் கூடினாலும் மூன்று வெற்றுப் பக்கம் காசாகும்.

வம்சாவளியை அச்சுக்கு விடுமுன் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவருக்கு வாசித்துக் காட்டு. காலஞ்சென்றவர்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் துணைகள்: விடுபடுவது இந்த மூன்று இடத்தில்தான், கோபம் பத்து வருஷம் நிற்கும். கனடாவில் பிறந்த பிள்ளைகளின் பெயரை நான் எழுதி அனுப்புகிறேன், ஒலியைக் கேட்டு நீ எழுதாதே.

31 அன்று விடிய கன்னியா வெந்நீரூற்றுக்குக் காரியத்துக்குப் போகிறபடியால் புத்தகம் முதல் நாள் பின்னேரமே வீட்டில் இருக்கவேண்டும். பிழை திருத்தும் பிரதியை இந்த வெள்ளிக்குள் அனுப்பு, நானும் மச்சாளும் இரவிரவாகப் பார்த்துத் தருவோம். அச்சுக் கூலியில் பாதியை நாங்கள் போடுகிறோம், மாமாவிடம் கேட்காதே.

அன்புடன்,
அக்கா