தனுஷ்கோடிக்காரர்களிடம் இப்போதே கேளுங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது பழைய பாலத்தின் பெருமையை எல்லோரும் பேசினோம். அது எந்த ஊரைக் குறிவைத்துக் கட்டப்பட்டதோ, அந்தத் தனுஷ்கோடியின் மனிதர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

1914-இல் பாம்பனிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ராமேஸ்வரத்துக்குச் சுமார் 10 கி.மீ., தனுஷ்கோடிக்கு 24 கி.மீ. கோயில் இருந்த ஊரைவிட மணல் முனைக்குத்தான் நீளமான தண்டவாளம்! காரணம் இலங்கை. சென்னையில் போட் மெயில் ரயிலில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஏழைக் குடும்பங்களும் இந்த வழியில் கடல் தாண்டின. தீர்த்தமாட வருகிறவர்களும் மீனவர்களும் அறிந்திருந்த அந்தக் கரையில் ரயில் நிலையம், குடியிருப்பு, சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் எழுந்தன. ரயில் வராவிட்டால் இவற்றில் ஒன்றுகூட அங்கே வந்திருக்காது.

1964 டிசம்பர் 22 இரவுப் புயல் அந்த ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் வண்டி, நூறு பேருக்கும் மேல் இருந்த நிலையில், கடலுக்கு இரையானது. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் உங்கள் ஆட்கள் 46 நாளில் எழுப்பினார்கள். அசாத்தியமான வேலை, இன்றும் வணங்கத் தக்கது. ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது.

அங்கே மீண்டும் பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். அது வேண்டுமா என்ற வாதம் தனியே நடக்கட்டும். நான் கேட்பது அவசரமானது. புயலன்று பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், போர்ட்டர் போன்ற ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளைகளையும் அந்தக் கரையின் மீனவர்களையும் உங்கள் மதுரைக் கோட்டம் தேடிப் போக வேண்டும். கப்பல் வரும் நேரத்தில் நடைமேடை எப்படி இருந்தது, குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, அன்றிரவு யார் யார் பணியில் இருந்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய பணியாளர் பதிவேடுகளைப் புரட்டி, இறந்த ஊழியர்களின் பெயர்களை வெளியிடுங்கள். ராமேஸ்வரம் நிலையத்தைப் புதுப்பிக்கிறீர்களே, அங்கே ஒரு சுவரை அந்தப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள். இடிந்து நிற்கும் தனுஷ்கோடி நிலையத்தின் மிச்சச் சுவர்கள் மேலும் விழாமல் தாங்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

முதலில் ஒரு அலுவலரை இதற்கென்று நியமியுங்கள். தெரிந்த முகவரிகளைத் தர ஊர்க்காரர்கள் முன்வருவார்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்டத்து ரயில் பயணி ஒருவர்