அக்கா, டிக்கெட் போட்டாச்சுல்ல, இத அம்மாகிட்ட படிச்சுக் காட்டு

அக்காவுக்கு,

நல்லா இருக்கியா, மாமா எப்படி இருக்காரு, பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சுதா. மே மாசத்துக்கு துருக்கிக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு உன் மெசேஜ் பாத்ததுல இருந்து எனக்கு இங்க கால் தரையில நிக்கல. ஆனா அம்மா போன்ல ஒண்ணு கேட்டுச்சு பாரு, "நீ பகலெல்லாம் மில்லுக்குப் போயிருவ, நாங்க அந்த ஊர்ல வாயில்லாப் பூச்சியாட்டம் வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு இருக்கணுமா"ன்னு. நியாயமான கேள்வி தான. அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன், வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா அது மறந்துரும், நீ பிரிண்ட் எடுத்துக் கைப்பையில வெச்சுக்கோ.

மொதல்ல அம்மா வெசனப்பட வேண்டாம்னு சொல்லு. துருக்கி பாஷை நம்மளுக்கு ஆகாத பாஷை இல்ல. நான் வந்த புதுசுல இங்கிலீஷ் வழியா கத்துக்கப் பாத்து மூணு மாசம் வீணாப் போச்சு. எதுக்கெடுத்தாலும் இது தலைகீழா வரும், வினைச்சொல் கடைசியில வரும்னு அந்த புக்குல பயமுறுத்தி இருந்தான். அட, நம்ம பேச்சே தலைகீழ் தான! "பென் எவெ கிதியோரும்"னா நான் வீட்டுக்குப் போறேன். பென் நான், எவ் வீடு, எவெ வீட்டுக்கு, கிதியோரும் போறேன். எவ்தெ வீட்டுல, எவ்தென் வீட்டுல இருந்து. வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை, வாலு ஒட்டறது கூட நம்மளாட்டமே. இது தெரிஞ்ச அன்னிக்கு அந்த புக்க மூடி வெச்சவன் தான், அதுக்கப்புறம் தமிழ்லயே நெனச்சுத் தான் பேசறேன்.

எழுத்து இங்கிலீஷ் எழுத்து தான், 1928-ல அரபி எழுத்த எடுத்துட்டு இத கொண்டாந்தாங்க, அதனால பழைய குழாயடி, மசூதி வாசல்ல செதுக்கி இருக்கறத இந்த ஊர்க்காரங்களே பெரும்பாலும் படிக்க மாட்டாங்க. புள்ளி இல்லாத ஐ எழுத்து ஒண்ணு இருக்கு, வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் அதுல தான் முழிப்பாங்க. மில்லுல மெஷின் போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருத்தரு அந்த ஒத்த எழுத்துக்கு வாயக் கோணிக் கோணி ஒரு வாரம் பாத்தாரு. எனக்கு மொத நாளே வந்துருச்சு. ஏன்னா அது நம்ம "பத்து", "காது"ன்னு சொல்றப்ப கடைசியில உதடு குவியாம வருதே, குற்றியலுகரம்னு எட்டாவதுல தமிழ் டீச்சர் உயிர எடுத்தாங்களே, அதே சத்தம் தான். நம்பர் ஆறுக்கு "ஆல்து". சொல்லிப் பாரு, பத்து மாதிரியே முடியுதா? கீழ நான் உகரம் போட்டு எழுதி இருக்கறதுல பாதி இந்தச் சத்தம் தான்.

இப்ப அவசியமானது. "வார்"னா இருக்கு, "யோக்"னா இல்ல. கூட ஒரு "மு" போட்டா கேள்வி, "சாய் வார்மு?" டீ இருக்கா? இந்த ரெண்ட வெச்சே அம்மா பத்து நாள ஓட்டிரும். "சு வார்மு" தண்ணி இருக்கா, "துவாலெத் வார்மு" அது உனக்கே புரியும். எவ்வளவுன்னு கேக்க "நெ கதார்", எங்கன்னு கேக்க "நெரெதெ", பில்லு வேணும்னா "ஹெசாப் லுட்ஃபென்". ஆமாங்கறதுக்கு எவெத், இல்லைங்கறதுக்கு ஹயுர். நன்றிக்கு "தெஷெக்குர் எதெரிம்", நாக்கு சுளுக்கினா "சாவோல்"னு விட்டுருங்க, போதும். வெலை எதுவும் நான் எழுதல, இங்க இன்னிக்கு எழுதினா நீங்க வர்றதுக்குள்ள ஏறிரும்.

அம்மாவோட சாப்பாடு தான் எனக்கு யோசனை. "எத்ஸிஸ்"னா கறி இல்லாம, ஆனா அத மட்டும் சொன்னா கோழிய கொண்டாந்து வெச்சுருவாங்க, இங்க நெறைய பேருக்கு கோழி "எத்" கணக்குல வராது. அதனால முழுசா சொல்லணும்: "எத் யெமியோரும், தவுக் தா யெமியோரும்." கறி சாப்பிடறதில்ல, கோழியும் சாப்பிடறதில்ல. அந்த "தா" தான் நம்ம "உம்". பருப்பு சூப் எங்க போனாலும் கெடைக்கும், மெர்ஜிமெக் சோர்பாசு, நம்ம பருப்புத் தண்ணிய மசிச்ச மாதிரி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிப்பாங்க, நல்லா இருக்கும், ஆனா "எத் சுயு வார்மு"ன்னு கேட்டுக்கணும், கறித்தண்ணி ஊத்தி இருக்கானு. அய்ரான்னு ஒண்ணு கொடுப்பாங்க, நம்ம உப்புப் போட்ட மோரே தான், அம்மா அத பாத்தாலே பாதி தெம்பு வந்துரும்.

அப்புறம் மாத்திரை. "ஷெகெரிம் வார்." எனக்கு சுகர் இருக்கு! அம்மா கல்யாண வீட்டுல ஜாங்கிரிய தள்ளிட்டு சொல்லுமே, அதே வார்த்தை. "தன்சியோனும் வார்"னா பிரஷர் இருக்கு. மருந்துக்கடைக்கு எஜ்ஸானெ, வாசல்ல செவப்புல பெருசா இங்கிலீஷ் ஈ எழுத்து போட்டிருக்கும், ராத்திரியில எந்தக் கடை தொறந்திருக்குன்னு மூடின கடை வாசல்லயே எழுதி வெச்சிருப்பாங்க. அவசரம்னா 112. நான் இருக்கேன், ஆனாலும் தெரிஞ்சு வெச்சுக்கோ.

நான் பட்ட அசிங்கத்தையும் சொல்றேன், சிரிச்சுக்கோ. சேந்த மொத வாரம் டீ டைம்ல எல்லாரும் சுத்தி உக்காந்து "நெரெலிஸின்", எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் நெஞ்ச நிமித்தி "பென் ஹிந்தி"ன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் தறி ஓட்டற உஸ்தா, நம்ம மேஸ்திரி மாதிரி, ஒருத்தரு கழுத்த நீட்டி "குலு குலு குலு"ன்னாரு பாரு, மொத்த ஷெட்டும் உருண்டு சிரிச்சுது. ஹிந்தினா இங்க வான்கோழி! நான் வான்கோழின்னு நானே சொல்லி இருக்கேன். இங்கிலீஷ்காரன் அதுக்கு துருக்கி பேர வெச்சான், இவங்க இந்தியா பேர வெச்சிருக்காங்க, அந்தக் கோழி ரெண்டு ஊருதும் இல்ல, அமெரிக்காவுல இருந்து வந்தது. நீங்க "ஹிந்த்லி"ன்னு சொல்லுங்க, அந்த "லி"ய விட்டுறாதீங்க.

"லி"ன்னா உள்ள, "ஸிஸ்"னா இல்லாத. ஷெகெர்லி சர்க்கரை போட்டது, ஷெகெர்ஸிஸ் போடாதது. என் ஊரு டெனிஸ்லி, டெனிஸ்னா கடல், சுத்தி மலை தான் இருக்கு, கடலே கெடையாது, அம்மா பீச்சுக்குப் போலாம்னு நெனச்சிருந்தா இப்பவே சொல்லிரு. பாமுக்காலெ தான் பக்கம், பேரு பருத்திக் கோட்டைன்னு அர்த்தம், வெந்நீர் ஊத்துல சுண்ணாம்பு படிஞ்சு படிஞ்சு மலையே வெள்ளையா பஞ்சுப் பொதி மாதிரி நிக்கும், செருப்பக் கழட்டிட்டுத் தான் நடக்கணும், அங்க ஒரு நாள் கண்டிப்பா.

இன்னொண்ணு, தலைய ஆட்டாதீங்க. நெசமா சொல்றேன். ரொட்டிக்கடையில அவரு ரொட்டிய எடுத்து நீட்டி இது தானான்னாரு, நான் நம்ம ஊரு ஆட்டு ஆட்டினேன், திரும்ப உள்ள வெச்சுட்டாரு. இன்னொண்ண எடுத்தாரு, அதுக்கும் ஆட்டினேன், அதையும் வெச்சுட்டாரு. பின்னாடி க்யூவே நிக்குது. இங்க ஆமான்னா தலைய நேரா கீழ இறக்கணும். இல்லைன்னா புருவத்தத் தூக்கி நாக்குல "ச்"னு ஒரு சத்தம், அது அம்மாவுக்கு சொல்லியே தர வேண்டாம், காலம் காலமா நம்மள அப்படித்தான விரட்டுது.

மினிபஸ்ல போறப்ப எறங்கற எடம் வந்தா "இனெஜெக் வார்"னு சத்தமா சொல்லணும், எறங்க ஆள் இருக்குன்னு அர்த்தம். கூச்சப்பட்டா அடுத்த ஊருக்குப் போயிருவீங்க, நான் போயிருக்கேன். இஸ்தான்புல்ல ரெண்டு நாள் நான் கூடவே இருப்பேன், ஆனா பஸ் கார்டு தேய்க்கற எடத்துல "யெதெர்ஸிஸ் பாகியெ"ன்னு வந்தா பதறாத, பாக்கி பத்தலைன்னு சொல்லுது. ஆமா, நம்ம பாக்கி தான் அந்த பாகியெ. இப்படி நெறைய இருக்கு, அரபி பாரசீக வார்த்தைக அங்கயும் வந்துச்சு இங்கயும் வந்துச்சு. மைதானம் மெய்தான், ஆஜர் ஹாஸுர், தயாரா இருக்குன்னு அர்த்தம். நம்ம தாசில்தாரு பாவம் இங்க வீடு வீடா பணம் வசூல் பண்றவரு.

கீழ் வீட்டு தெய்ஸெ உங்களுக்காக இப்பவே ஊறுகா போட்டுட்டு இருக்காங்க. தெய்ஸென்னா சித்தி பெரியம்மா, அம்மாகூடப் பொறந்தவங்க. அத்தைக்கு ஹாலான்னு தனி வார்த்தை. தாய்மாமனுக்கு தாயு, சித்தப்பா பெரியப்பாவுக்கு அம்ஜா. இங்கிலீஷ்ல எல்லாத்தையும் ஆன்ட்டி அங்கிள்னு ஒரே சட்டியில போடறானே, அந்தக் கதை இங்க இல்ல. தெரியாத ஆளக் கூட ஆபி, ஆப்லான்னு அண்ணன் அக்கா முறை வெச்சுத் தான் கூப்பிடணும். அம்மாவுக்கு என்ன வார்த்தைன்னு சொல்லு பாப்போம்? அன்னெ! இது எப்படியோ தற்செயலா ஒத்துப்போச்சு, ரெண்டு பாஷைக்கும் ஒறவு இல்ல, ஆனா மொத தடவை ஒரு பொடியன் பூங்காவுல "அன்னெ"ன்னு கத்திக்கிட்டு ஓடினப்ப நான் திரும்பிப் பாத்துட்டேன்.

தெய்ஸெ பேசறதக் கேக்கணும் நீ. பக்கத்துத் தெரு கதையெல்லாம் "கெல்மிஷ், கோர்முஷ், அல்முஷ்"னு போகும், வந்தாளாம், பாத்தாளாம், வாங்கினாளாம். தான் கண்ணால பாக்கலைன்னா அந்த "மிஷ்" வாலு ஒட்டிரும், நம்ம "ஆம்" இருக்கே அதே வேலை. பாத்தது ஒரு மாதிரி, கேள்விப்பட்டது ஒரு மாதிரி. திண்ணையில உக்காந்து ஊர் ஞாயம் பேசறதுக்குன்னே செஞ்ச பாஷைக ரெண்டும்.

ஆனா எனக்கு மனசு ஒட்டினது வேற ஒரு நாள். ராத்திரி ஷிப்டு, ஊடை நூல் தீந்து தறி நின்னுருச்சு, அதே குலு குலு உஸ்தா குடோனுக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்து "இப்லிக் மிப்லிக் யோக்"னாரு. நூலு கீலு ஒண்ணும் இல்ல! நாம "கி" போடற எடத்துல இவங்க "மி" போடறாங்க அக்கா. சாய் மாய், கிதாப் மிதாப். டீ கீ குடிக்கலாமான்னு நம்ம பாவு ஓட்டற அண்ணன் கேக்கற மாதிரியே இருந்துச்சு, நம்ம கரூர் காந்திகிராமம் பக்கம் எங்கயோ நிக்கற மாதிரி. அன்னிக்கு நானும் "சாய் மாய் வார்மு"ன்னு கேட்டேன், அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு ரெண்டு கிளாஸ் கொண்டாந்தாரு. பால் இல்லாத டீ தான், அம்மாகிட்ட இப்பவே சொல்லிரு, சண்டை போடக்கூடாது.

கடைசியா முக்கியமானது நாலு. வேலை செய்யற யாரையாவது தாண்டிப் போனா, கூட்டறவங்க, கடைக்காரரு, டிரைவரு யாரா இருந்தாலும், "கொலாய் கெல்சின்"னு சொல்லுங்க, வேலை லேசா முடியட்டும்னு வாழ்த்து. வேற ஒண்ணும் தெரியாட்டியும் இத ஒண்ணச் சொன்னா போதும், மொகமே மாறிரும். ஒடம்பு சரியில்லாதவங்ககிட்ட "கெச்மிஷ் ஓல்சுன்". ஆக்கிப் போட்டவங்களுக்கு "எலினிஸே சாலுக்", உங்க கைக்கு சுகம் இருக்கட்டும்னு. தெய்ஸெ வீட்டுல மொத வாய் சாப்பிட்டதும் அம்மா இதச் சொல்லணும், இத மட்டுமாவது மனப்பாடம் பண்ணச் சொல்லு. கெளம்பறப்ப "ஹோஷ்ச்சா கால்", நாம போயிட்டு வர்றோம்கற மாதிரி. "குலே குலே" இருக்கறவங்க சொல்றது, சிரிச்சு சிரிச்சுப் போன்னு, நீங்க மாத்திச் சொல்லிறாதீங்க. தெய்ஸெ உங்க காருக்குப் பின்னாடி ஒரு சொம்புத் தண்ணிய ஊத்துவாங்க, அதப் பாத்து அம்மா பதற வேண்டாம், தண்ணி மாதிரி தடங்கல் இல்லாமப் போயிட்டு வான்னு அர்த்தம்.

புளியும் பெருங்காயமும் கொண்டா. மஞ்சத்தூள், சீரகம், கொத்தமல்லி எல்லாம் இங்கயே இருக்கு, சுமக்காத. பெட்டியில எடம் இருந்தா நம்ம கரூர் தறியில ஓட்டின துண்டு ஒண்ணு, சாயம் போடாததா பாத்து வை. உஸ்தாகிட்ட எங்க ஊர்லயும் இதே தொழில் தான்னு சொல்லிட்டேன், இழை எண்ணிப் பாக்கணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்காரு.

உன் தம்பி