பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1999 முதல் கும்பகோணத்தில் வீட்டிலேயே டி.டி.பி. (கணினியில் எழுத்தடித்துப் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்துவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், 2004 மகாமகத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் ஒரு விண்டோஸ் 98 கணினியில் அடித்தவை. அது பல வருடமாகப் பரணில் கிடந்தது.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் வந்து, "அக்கா, அப்பா அடிக்கக் கொடுத்த தாலாட்டுப் பாட்டெல்லாம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். அவள் அப்பா ஊர் ஊராகப் போய்ப் பாட்டிகளிடம் கேட்டு எழுதியவை. அந்த நோட்டுகள் மழையில் நனைந்து வீணாகிவிட்டன. அவரும் இப்போது இல்லை.

கணினியை இறக்கித் துடைத்துப் போட்டேன், ஓடியது. கோப்பும் இருந்தது. வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. சிடி டிரைவ் திறக்கவில்லை. பிளாப்பிகளில் பூஞ்சை. பென்டிரைவைச் செருகினால், அதை இயக்க டிரைவர் என்ற தனி மென்பொருள் கேட்டது. கடையில் "எடைக்குப் போடுங்கம்மா" என்றார்கள். மனசு வரவில்லை.

பழைய கணினியின் பின்பக்கம், கணினிகளைக் கேபிளால் இணைக்க உதவும் லேன் கார்டு இருந்தது. என்னிடம் இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலும் உண்டு. நடுவில் எதுவும் இல்லாமல் இரண்டையும் நேராக இணைக்க கிராஸ் கேபிள் வேண்டும். தெருவில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் தம்பி, ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறுமுனையில் பச்சை ஜோடி வருமாறு கம்பிகளை அடுக்கி, முனைகளில் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப்) கொடுத்தார். ஒன்று அனுப்பும் கம்பி மற்றது வாங்கும் இடத்துக்குப் போக வேண்டும், அதற்குத்தான் இந்த மாற்று. செருகியதும் இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்றையொன்று அடையாளம் காண, ஒன்றுக்கு 192.168.0.1, மற்றதற்கு 192.168.0.2 என்று எண் முகவரி கொடுத்தேன். பிங் செய்தால் (இணைப்பு இருக்கிறதா என்று சோதித்தால்) பதில் வருகிறது, ஆனால் பழைய கணினியின் பெயர் எக்ஸ்பியில் தெரியவில்லை. அரை நாள் போயிற்று. கணினிகள் சேரும் குழுவுக்கு ஒர்க்குரூப் என்று பெயர். ஒன்றில் அந்தக் குழுவின் பெயர் 'ஒர்க்குரூப்', இன்னொன்றில் 'எம்எஸ்ஹோம்'! இரண்டையும் ஒன்றாக்கி, 98-இல் கோப்புகளைப் பகிரும் ஃபைல் ஷேரிங் வசதியையும் சேர்த்த பிறகு, ஐந்து வருட வேலை சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது.

கோப்பைத் திறந்தால் ஒரே கிறுக்கல். பயந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, எழுத்துருவை எடுக்கவில்லை. 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று தமிழ் எழுத்துருக்களுக்குப் பொதுத் தரம் வகுத்த பிறகும் நாங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கான குறியீடு வேறு; எழுத்துரு போனால் கோப்பு இருந்தும் பயனில்லை. 98-இன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து வந்து எக்ஸ்பியில் போட்டதும் "ஆராரோ" தெரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2006-இலும் எக்ஸ்பிக்கு 2014-இலும் நின்றுவிட்டன. இந்த இரண்டையும் இணையத்தில் சேர்க்காதீர்கள், நடுவில் அந்த ஒரு கேபிள் போதும்.

என்னைப் போல டி.டி.பி. செய்தவர்கள் வீட்டில் எத்தனை பேருடைய எழுத்து கிடக்கிறதோ! அந்தக் கோப்புகளை, எல்லாக் கருவிகளிலும் படிக்க உதவும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்று தங்கள் நாளிதழில் படங்களோடு விளக்கி வெளியிட வேண்டுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தாள் பிரதி கொடுத்துவிட்டேன். தன் கைப்பேசியிலும் படிக்க வேண்டும் என்று காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.