கல்லாவை என்னிடம் விட்டுப்போன டீக்கடை அண்ணனுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மத்தியானம் ரெண்டு வாய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தலடா" என்றார். பதினோரு நாளுக்குப் பிறகு அம்மா சொன்ன முதல் குறை. தங்கச்சி அடுப்படிக்குள் போய் அழுதாள். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி அதற்குள் போகத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்த ஐந்து பேர், ராத்திரி மாற்றி மாற்றித் துணைக்குப் படுத்த சித்தப்பா வீட்டுப் பசங்க, சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்த முதலாளி, பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சோறு போட்ட மாடி வீட்டு அக்கா, வார்டில் இருந்த சிஸ்டர்கள், தினமும் போன் போட்ட, குடியை விட்டவர்கள் கூடும் எங்கள் ஏ.ஏ. கூட்டத்து நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதவேண்டும், எழுதுவேன்.

இந்த மடல் இன்னொருத்தருக்காக.

நான் குடியை விட்டு மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. "இவ்வளவு டென்ஷன்லயும் தொடலையே, என்ன மன உறுதி" என்று பலர் சொல்லிவிட்டீர்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறாம் நாள் ராத்திரி என்னிடம் மன உறுதியெல்லாம் இல்லை.

"இன்னும் ஒரு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொன்னபோது மணி ஒன்பது இருக்கும். படி இறங்கி வந்தேன். குடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இறங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கேட்டைத் தாண்டும்போது தண்ணீர் பாக்கெட் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்கும் அந்தச் சின்னச் சத்தம் காதுக்குள் கேட்டது. பிளாஸ்டிக் டம்ளர், மிளகாய்ப்பொடி தூவின மாங்காய்த் துண்டு, முதல் மடக்கு இறங்கியதும் பிடரி தளரும் அந்த நிமிஷம். மூன்று வருடமாகக் கனவில்கூட வராதது, நேற்றுக் குடித்த மாதிரி வந்தது. சாக்கடை ஓரம் கிடந்தது வரவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்தது வரவில்லை. நல்லதை மட்டும் யாரோ வெட்டி ஒட்டி ஓட்டிக் காட்டினார்கள்.

மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலர் அக்கா இதை முன்பே சொல்லியிருந்தார். கனடாவில் மான்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த சோதனை. நெம்புகோலை அழுத்தினால் ஹெராயின் கிடைக்கும் என்று பழக்கிவிட்டு, அப்புறம் மருந்தை நிறுத்தினார்கள். அழுத்தி அழுத்திப் பார்த்து ஒன்றும் வராமல் எலிகள் அதை விட்டுவிட்டன. பிறகு காலுக்குக் கீழே லேசாகக் கொஞ்ச நேரம் மின்சாரம் பாய்ச்சியதும், நேராக அதே நெம்புகோலுக்குப் போய்விட்டன. 1995-ல் வந்த ஆய்வு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ரஜிதா சின்ஹா என்பவர் மனிதர்களிடமே பார்த்திருக்கிறார். கோகெய்ன் பழக்கத்திலிருந்து மீண்டுவருகிறவர்களிடம் அவரவருக்கு நடந்த மன உளைச்சலான ஒரு சம்பவத்தைக் கேட்டு வாங்கி, அதையே பதிவுசெய்து அவர்களுக்குப் போட்டுக் காட்டினார். கண்முன்னே போதைப்பொருள் எதுவுமே இல்லை. ஆசை மட்டும் கிளம்பியது. பயம் வந்தால் உடம்பில் சுரப்பது பழைய நினைவைக் கிளறிவிடும், யோசித்து நிறுத்துகிற மூளையின் முன்பக்கம் அந்த நேரத்தில் சோர்ந்துவிடும் என்று அக்கா படம் போட்டு விளக்கினார். அன்றைக்கு நான் கொட்டாவி விட்டேன்.

கால் தானாக நடந்தது. பத்து மணிக்கு டாஸ்மாக் சாத்துவார்கள், அதற்குள் போய்விடலாம் என்று கணக்கும் தானாக ஓடியது. மூலை திரும்பும் இடத்தில்தான் அந்த டீக்கடை. ஐந்து நாளாக அங்கேதான் டீ குடித்தேன், ஆனால் "சர்க்கரை கம்மி" என்பதைத் தவிர கடைக்கார அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தம்பி, கொஞ்ச நேரம் கல்லாவப் பாத்துக்கங்க. ராவுக்குப் பால் பத்தாது, வாங்கிட்டு வந்துர்றேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

கல்லா என்றால் பெரிய மேஜையெல்லாம் இல்லை. பழைய பிஸ்கட் டப்பா, மூடி இல்லை, நோட்டு பறக்காமல் மேலே ஒரு எடைக்கல். அதன் முன்னால் நின்றேன். ஒருத்தர் வந்து பன் கேட்டார். ஒரு அம்மா வாழைப்பழம் ரெண்டு வாங்கி நூறு ரூபாயை நீட்டினார், சில்லறை எண்ணிக் கொடுத்தேன். டீ கேட்டவர்களிடம் "அண்ணன் பால் வாங்கப் போயிருக்காரு" என்றேன், என்னவோ பத்து வருடம் அங்கே வேலை பார்த்தவன் மாதிரி. மூலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் திறந்த டப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அவர் திரும்பி வந்தபோது மணி பத்து பத்து. டப்பாவை ஒரு பார்வை பார்த்தார், எண்ணவில்லை. பாலை அடுப்பில் ஏற்றி, முதல் டீயை எனக்குப் போட்டார். காசு கொடுத்ததற்கு, "கடையப் பாத்துக்கிட்ட ஆளுகிட்ட எவனாச்சும் காசு வாங்குவானா" என்றார். என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனாரா, நிஜமாகவே பால் தீர்ந்துவிட்டதா? அதற்குப் பிறகு ஐந்து நாள் அங்கே டீ குடித்தும் நான் கேட்கவில்லை.

வீட்டில் இன்னும் என் வாயை மோந்து பார்க்கிறார்கள். தப்பில்லை, நான் அப்படி வைத்திருந்தேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் என்னை யாரும் காவல் காக்கவில்லை. என்னிடம்தான் காவலை விட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பது அங்கே நின்றபோது தெரிந்தது.

கூட்டத்து நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுங்கள். அறிவுரை சொல்ல மாட்டேன். ஏதாவது வேலை கொடுத்து உட்கார வைக்கிறேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் நேற்று சாயங்காலம்தான் சொன்னேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதுகூட பீரோ சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தங்கச்சி கையில்தான் கொடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"டப்பால எவ்வளவுடா இருந்துச்சு?"

"நான் எண்ணலம்மா" என்றேன்.

கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை தையல் பிரிக்கப் போகும்போது அந்தக் கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.