நடவுக்கு வந்த அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அடிபட்டதற்கு அரசு தரும் இடைக்கால நிவாரணம் நேற்று கணக்கில் ஏறிவிட்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வலது கையால் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார். பாதி வேட்டியில் சிந்தியது, ஆனாலும் விடாமல் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இவரை அடித்த அந்த ராத்திரியைப் பற்றி நீடாமங்கலம் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோன பிள்ளைகள், ரத்தம் கொடுத்தவர்கள், மாட்டையும் மகளையும் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை, திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸே நமக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். அடித்தவர் யாரென்றே தெரியாவிட்டாலும் அரசிடம் இழப்பீடு கேட்கலாமாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் 396-ஆவது பிரிவு.

இன்னொருவர் இருக்கிறார். பேரைப் போட மாட்டேன். அடித்த பையனின் அம்மா.

அவர் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்த பெரிய மனுஷர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான்: "ஒரே ஊரு, சமாதானமாப் போயிடுங்க." ஒருத்தராவது கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்த அக்கா விடிவதற்குள் கொல்லைப்பக்கமாக வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் இடுக்கெல்லாம் நடவுச் சேறு. "தம்பிக்குக் கை எப்படிம்மா இருக்கு?" என்றார். அப்புறம், "கேஸ வாபஸ் வாங்குன்னு சொல்ல வரல. கோர்ட்டுல நடந்தத நடந்தபடி சொல்லு. அவன் செஞ்சதுக்கு அவந்தான் பதில் சொல்லணும்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அழுகைதான் வந்தது. அன்றுவரை ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் நான்.

போகும்போது நாற்றங்காலைப் பார்த்தார். "நாத்து முத்திப் போவுதே." மூன்றாம் நாள் ஆட்களோடு வந்து நட்டுக் கொடுத்தார். கூலியை நீட்டினேன், மற்றவர்களைப் போலவே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவர் வாங்க மறுத்திருந்தால் மகன் செய்ததற்கு ஈடு கட்டுவது போல ஆகியிருக்கும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

நியூசிலாந்தில் சிறார் வழக்குகளில் இரண்டு குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் முறை 1989-லேயே சட்டமாகிவிட்டது என்று தங்கச்சி சொன்னாள். அங்கே பாதிக்கப்பட்டவர் விருப்பப்பட்டால் வரலாம், கட்டாயமில்லை. நம் கட்டப்பஞ்சாயத்தில் அடிபட்டவரிடம் யார் விருப்பம் கேட்கிறார்கள்? வாயை மூடுவதற்குப் பேர் சமாதானமா?

இனி நம் பக்கத்தில் யார் வீட்டில் இப்படி நடந்தாலும் இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போட்டுத் தருவேன், திருவாரூருக்குக் கூடவே வருவேன். என்னைக் கூப்பிடுங்கள்.

அக்கா, நீங்கள் சொன்னபடியே கூண்டில் நடந்ததை நடந்தபடி சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பயிர் இப்போது பொதி கட்டி நிற்கிறது. தை அறுப்புக்கு வாங்க. இந்த முறை வாசல் வழியாக வாங்க.